மூன்று கட்டங்கள்

பிணவறையின் உள்ளே இன்னும் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடலைக் கொடுத்துவிட்டால் எந்தக் குடும்பமும் ஒரு நிமிடம் நிற்காது. அதனால் சாலை விபத்துச் சாவுகளை ஆராயும் டாக்டரின் குமாஸ்தா அந்த நேரம் பார்த்துத்தான் படிவத்தோடு வெளி பெஞ்சுக்கு வருவார். அழுகிறவர்கள் மூக்கைச் சிந்தும் இடைவெளியில் கேள்வி கேட்கப் பழகியிருந்தார்.

இவள் அழவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி. உள்ளே கிடந்த அவள் புருஷன் லாரி ஓட்டிய கம்பெனியில்தான் அவனுக்கும் வேலை.

"குடிப்பாராம்மா?"

"தொட்டதே இல்ல."

"கடைசியா எப்போ தூங்கினார்?"

காலையிலிருந்து இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு. அவர் மேல் தப்பில்லை என்று டாக்டர் எழுதினால் குடும்பத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"எங்க சார் தூங்க விட்டாங்க? ஒரு லோடு இறக்கினா அடுத்த லோடு. மூணு நாளா வண்டியிலயே கிடந்தாரு. கண்ணு எரியுதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னதுக்கு, டீயைக் குடிச்சிட்டு ஓட்டுன்னாராம். நின்ன லாரியில போய் மோதாம என்ன செய்வாரு? ஒண்ணு விடாம எழுதிக்குங்க."

குமாஸ்தா ஒரே ஒரு டிக் போட்டார்.

"எதுல போட்டீங்க?"

தாளைத் திருப்பிக் காட்டினார். காரணம் என்பதற்குக் கீழே மூன்று கட்டங்கள். சாலை, வாகனம், ஓட்டுநர். தூக்கமின்மையும் மூன்றாவதற்குள்தான் அடங்கும்; டிக் அங்கே இருந்தது.

"அவர் தப்புன்னு ஆயிடாதா சார்?"

"கண் அசந்தது அவர்தானேம்மா."

"அசர வச்சது மேனேஜரு."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

சொல்லிவிட்டு அவர் குனிந்துகொண்டார். கஷ்டமாகத்தான் இருந்தது. போன மாதம் முழுக்க இப்படிப்பட்டதையெல்லாம் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏறாததை எதற்கு எழுதுகிறாய் என்று டாக்டர் திட்டியதுதான் மிச்சம்.

"அப்போ நல்லாத் தூங்கினாருன்னே போட்டுடுங்க சார்."

"பேனாவுல போட்டாச்சும்மா. அடிச்சா செல்லாது."

தம்பியின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினான். "சரி சார். பாடிய இன்னும் குடுக்கல சார். சரி சார்."

"யாருடா?"

"மேனேஜருதான், அக்கா. மாமா வண்டிச் சரக்கை வேற வண்டிக்கு மாத்திட்டாங்களாம். அடக்கம் முடிஞ்சதும் என்னை ஏறச் சொல்றாரு."

"நீ இப்பத்தானடா லோடு இறக்கிட்டு வந்தே?"

அவன் குழாயடிக்குப் போய்க் குனிந்து, திறந்த கண்களுக்குள் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டான்.