வேப்பஞ்சமுத்திரத்துக் கடல்

சென்ற கார்த்திகை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி அளவில், வேப்பஞ்சமுத்திரத்துக்குக் கடல் வந்தது. சனிக்கிழமை வரை அது வன்னியம்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கண்மாய்தான். அசல் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். பெரிய கண்மாயைச் சமுத்திரம் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். சுற்றுலாத் துறையில் பட்டியல் தயாரித்தவருக்கு அது தெரியாததால், மீனவர் மரபைக் காட்டும் கடலோர நடைப்பயண ஊர்களில் இதுவும் சேர்ந்துவிட்டது. வரலாறு படித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருந்த சிவரஞ்சனியை வழிகாட்டியாகத் தற்காலிகமாக நியமித்தார்கள். ஆய்வில் தேறினால் நிரந்தரம். தவறைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுத அவள் இரண்டு முறை பேனாவைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடிவிட்டாள்.

முதல் நடைக்கு மதுரையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். கோடையில் நீர் வற்றியதும் ஊரே இறங்கி ஊத்தாக்கூடை கவிழ்த்துக் கெண்டை பிடிப்பதைப் பற்றிச் சொன்னாள். எட்டு முகமும் வாடின. "காலையில அலை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்" என்றாள். அலை வந்தது. கரையில் கிடந்த பனந்தடியைக் கட்டுமரம் என்றாள். திரும்பி வருவதற்குள் அது கட்டுமரமாகி மிதந்தது. மேல்நிலைத் தொட்டி கலங்கரை விளக்கமாகி, காலையில் வழக்கம்போல் குழாய்க்குத் தண்ணீரும் விட்டது. மார்கழிக்குள் ராஜபாளையம் பஸ்ஸில் நண்டுகள் ஏறி இறங்குவதை நடத்துநர்கள் கண்டுகொள்வதில்லை என்றாகிவிட்டது.

அவள் இன்னும் எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் கவனித்தவர், மடைக்குக் கீழே இரண்டு ஏக்கர் நெல் போட்டிருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் இருளப்பசாமி.

"ஏட்டி, சுறாவை விடு, கப்பலை விடு. உப்புன்னு மட்டும் உன் வாயில வந்துச்சு, அம்புட்டு நெல்லும் கருகிரும்."

"கடலுன்னா அதைக் கேக்க மாட்டாவளா மாமா?"

"கேட்டா இருமு."

அன்று முதல் அவள் வீட்டுக் குழம்பில்கூட 'அது' கொஞ்சம் தூக்கல் என்றே சொன்னாள்.

தையில் ஆய்வுக்கு வந்த அதிகாரியின் பெயர் கௌதம்ராஜ். நெல் பால் பிடித்து நின்றது. அலை, நண்டு, கட்டுமரம் என்று படிவத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வரிக்கு வந்ததும் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

"என்னம்மா, கடல் இளநி மாதிரி இருக்கு?"

சிவரஞ்சனி இருமினாள்.

"இருமினா எப்படி? உப்பு இருக்கா, இல்லையா? உங்க வாயாலயே சொல்லுங்க. இல்லைன்னா இது கடலே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

கரையில் நின்ற ஊரே அவள் வாயைப் பார்த்தது. இருளப்பசாமி மட்டும் வயலைப் பார்த்தார்.

"சார், எங்க கடலுக்கு பிரஷர். அதைச் சேக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ."

கௌதம்ராஜ் தன் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கும்தாம்மா" என்றார். 'மருத்துவ ஆலோசனையின் பேரில் விலக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிவரஞ்சனி நிரந்தரமானாள். இருளப்பசாமியின் நெல் களத்துக்கு வந்தது. அவள் சொன்னது சொன்னபடி நடப்பதால், கிராமச் செவிலியர் மாரீஸ்வரி மாதம் ஒரு முறை மடைக்கு வந்து, எழும் அலையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்க்கிறார். சென்ற மாதம் நூற்று ஐம்பதுக்குத் தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.