மூன்றாம் பக்கத்தின் தண்ணீர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்க் கையெழுத்தில். 1934 தை மாதம், பண்டத்தரிப்பில், ஒரு காணி உறுதிப் பத்திரத்தின் அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்ற வரிக்குக் கீழே சாட்சியாக நான் இட்டது. இரண்டு மாதமாக அதையே நினைத்து அலுத்துவிட்டது. எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'வெங்காயத் தாள்கள் மாலை வெயிலில் தங்கம்போல்—'

(அடித்துவிட்டேன். தாள்கள் கருகிக் கிடந்தன.)

இரண்டாம் தொடக்கம்: யோசப்பின் என்ற கைம்பெண் நகைகளை விற்று, தில்லைநாதனிடம் இரண்டு பரப்புத் தோட்டமும் அவனுடைய கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமையும் வாங்கினாள். அழகில்லை. இருக்கட்டும்.

3

உறுதி ஆங்கிலத்தில் இருந்தது. அதை எழுதிய நொத்தாரிசு வாசிக்க, பள்ளிக்கூட வாத்தியாரான நான் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கம் முடியும்போது தில்லைநாதன் எழுந்துவிட்டான்.

"மாஸ்டர், ராகு காலம் துவங்கப் போகுது. கெதியா முடியுங்கோ."

யோசப்பினோ மாதா கோயிலுக்குப் போகிறவள். ராகு அவளுக்கு யாரோ. ஆனாலும் விற்கிறவன் மனம் நோகக் கூடாதே. "மிச்சத்திலை என்ன கிடக்கு, மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"வழமையானதுதான், பிள்ளை."

(மூன்றாம் பக்கத்தில் கிடந்தது இது என்று பிறகுதான் தெரிந்தது: தண்ணீர் குடிக்க, குளிக்க, சமைக்க மாத்திரம், பயிருக்கு இறைக்கக் கூடாது. எனக்கும் பசி. பக்கத்தைப் புரட்டவில்லை.)

4

தில்லைநாதனைக் கொடியவனாக எழுதிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்து. பொருந்தவில்லை. கோடையில் அந்தக் கிணறு வற்றும். அவனுக்கும் புகையிலை நிற்கிறது. உறுதியில் எழுதியதைத்தான் கேட்கிறான். அவள் வெங்காயம் நட்ட மூன்றாம் கிழமை, கிணற்றில் இறைக்கிற துலாக்கொடியைக் கழற்றிக்கொண்டு போனான். "குடிக்கிறதுக்குக் கைவாளி காணும்" என்றானாம்.

5

யோசப்பின் வழக்குப் போட்டுவிட்டு நேற்று என்னிடம் வந்தாள்.

"அந்தப் பக்கம் வாசிக்கேல்லை எண்டு கோட்டிலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, மாஸ்டர். அது காணும்."

"என்ரை கையெழுத்துப் பொய்யெண்டு நானே சொல்லுறதோ? பிறகு பள்ளிக்கூடத்திலை வைச்சிருப்பினமோ?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது. உங்களை நம்பித்தானே கையெழுத்து வைச்சனான்."

அவள் திட்டியிருக்கலாம். திட்டாமல் போனது இன்னும் வலிக்கிறது.

6

முடிவு ஒன்று: போய் உண்மையைச் சொன்னேன். (துணிவான மனிதர். எனக்குப் பழக்கமில்லை.)

முடிவு இரண்டு: காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். (இவரை நன்றாகத் தெரியும்.)

முடிவு மூன்று: அன்றைக்கே மழை பெய்து— பங்குனியில் என்ன மழை.

இன்று வியாழன். வழக்கு நாளைக்கு. எந்த முடிவென்று என்னைக் கேட்காதீர்கள். நான் நம்பத்தக்க ஆளில்லை. ஆனால் அவளுக்குச் செய்யாததை உங்களுக்குச் செய்திருக்கிறேன்: ஒரு பக்கமும் விடவில்லை. நாளைக் காலை கோட்டில் என்னைக் காணாவிட்டால், இந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

முழுவதும் வாசித்தேன். விளங்கிக்கொண்டேன்.

சாட்சி: ....................