கழுவி வைத்த ஏரி

எங்கள் ஊர்ப் பெண்களைப் போலச் சுத்தம் பார்க்கிறவர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்தச் சுத்தத்தால்தான் இன்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஊர். ஏரிப் பாய்ச்சலில் கொத்தமல்லியும் புதினாவும் போடுகிறோம். அறுத்துக் கட்டி, ஏரித் துறையில் அலசி, பெங்களூரு வண்டியில் ஏற்றிவிடுவோம். ஏரிக்கு இரண்டு ஓடைகள் வருகின்றன. ஒன்றில் மழைத் தண்ணீர். இன்னொன்றில் கம்பெனிகளின் கழிவு. அதுவும் மழை கொட்டுகிற நாளாகப் பார்த்துத்தான் வரும், அவ்வளவு விவரமான கழிவு. என் வீட்டுக்காரர் முனிவேல் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில், இரும்புக்கு முலாம் பூசுகிற இடத்தில், கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் நான் ஏரிப் பேச்சை எடுத்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

மீன் செத்து மிதந்தபோது வெயில் ஜாஸ்தி என்றார்கள். நுரை பொங்கியபோது யாரோ துணி துவைத்திருப்பார்கள் என்றார்கள். அத்தனை நுரைக்கு எத்தனை ஊர் துணி துவைக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. என் மகள் ஜெயப்ரியா மூன்றாவது படிக்கிறாள். லீவு நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டு அலசுவாள். அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்து, பென்சில் பிடிக்க முடியாமல் அழுத அன்று எனக்குப் பொறுக்கவில்லை. மனு கொடுத்தேன். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்து எழுத்தில் கொடுத்தால்தானே அந்த ஓடையை அடைக்கச் சொல்லிச் சண்டை போட முடியும்? கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். அதுவரை எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, வாசலில் ஒரு பழைய டப்பில் கொத்தமல்லி வளர்த்தேன். அலசுகிற வேலையையும் மகளுக்குக் கொடுக்கவில்லை. ஊருக்கு ஒரு தழை, எங்களுக்கு ஒரு தழை. நினைத்தால் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தேன்.

கடைசியில் சோதனைக்கு ஆள் வருவதாக ஊருக்குத் தகவல் வந்தது. அப்போது நான் சிங்காரப்பேட்டையில், தம்பி கல்யாண வேலையில் இருந்தேன். ஆள் வருகிற அன்று காலையில்தான் திரும்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஏரிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

துறை பளிச்சென்று இருந்தது. படிகளைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தெளித்துக் கோலமும் போட்டிருந்தார்கள். ஊர்த் தெய்வம் கெங்கம்மாவின் பண்டிகைக்கு வருஷா வருஷம் செய்கிற வேலை இது. கரகம் முக்குகிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மணல் மூட்டை அடுக்கித் துறையைத் தனியாகப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கிற கலங்கலை இறைத்துவிட்டு போர்வெல் தண்ணீரை நிரப்புவார்கள். இந்தத் தடவை கெங்கம்மாவுக்குப் பதிலாக ஆபீஸர். ஊரில் நிலம் அதிகம் உள்ள பெரியதம்பி தன்னுடைய போரிலிருந்து ஹோஸ் இழுத்து விட்டிருந்தார். மூட்டைக்கு அந்தப் பக்கம் ஏரி பழையபடி கறுத்துக் கிடந்தது.

என் மாமியார் மாரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். "ஆபீஸரு வர்ற எடம் நாறிக்கிட்டுக் கெடந்தா நம்மளத்தானே கேவலமாப் பேசுவாங்க? நீ குடுத்த மனு ஆச்சேன்னு எல்லாரும் சேந்து செஞ்சோம் கண்ணு."

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. தண்ணீர் எடுக்க வந்தவர் பெயர் ராஜ்குமார். கையில் ஐஸ் பெட்டி, அதில் பாட்டில்கள். உலோகம் பார்க்கிற பாட்டிலில் ஏற்கெனவே துளி அமிலம் விட்டிருக்கிறது, யாரும் தொட வேண்டாம் என்றார். இளநீரை வாங்கிக் குடித்துவிட்டு அவர் படியில் இறங்கியபோது நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இது போர் தண்ணீர், ஏரி அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன்.

அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். வழக்கமாக எடுக்கிற துறையை விட்டு வேறு இடத்தில் எடுப்பதென்றால் மனு கொடுத்தவரோடு ஊர்க்காரர் இன்னும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இப்போதே எடுக்கிறேன் என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஒன்றுதான் வேண்டும்.

பெரியதம்பி தொண்டையைச் செருமினார். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா பெங்களூரு வண்டி நாளைக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குமா, சுஜாதா? இத்தினி பேரு தழையையும் நீயே வாங்கிக்கறியா?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் படியிலிருந்து மேலேறினார்கள். அவர்கள் கைகளையும் பார்த்தேன். என் மகளின் கைகளைப் போலவே வெடித்திருந்தன, வெடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. மாமியார் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தோரம் நின்றிருந்த முனிவேலைப் பார்த்தேன். ஒரு கையெழுத்து. பெற்ற மகளுக்காக ஒரே ஒரு கையெழுத்து.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இங்கயே எடுத்துக்குங்க சார்," என்றார்.

ராஜ்குமார் படியில் குனிந்து, வெறும் பாட்டிலை ஓர் அடி ஆழத்தில் அமிழ்த்தி எடுத்து, அமிலம் விட்ட பாட்டிலில் அதிலிருந்து ஊற்றினார். கெங்கம்மாவே குடிக்கலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது தண்ணீர். அன்றிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்கிறோம். வேலை போய்விடும் என்று பயந்ததாக ஒரு தடவை சொன்னார். எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

அறிக்கை வந்தது. எல்லாம் அளவுக்குள் இருக்கிறதாம், பயிருக்கும் புழக்கத்துக்கும் ஏற்ற தண்ணீராம். பெரியதம்பி அதை லேமினேஷன் போட்டுத் தழை ஏற்றுகிற கொட்டகையில் மாட்டினார். வாங்க வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், இப்போது வண்டி இரண்டாக வருகிறது. இனி நான் மனு கொடுத்தால் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் என் முகத்தில் காட்டுவார்கள். தழை வாங்க வந்த ஒருத்தி அக்கறையாக என்னிடமே கேட்டாள், தண்ணீர் டெஸ்ட் செய்ததா என்று. ஊரே கட்டு கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. செய்ததுதான் என்றேன்.

நேற்று சாயங்காலம் ஜெயப்ரியா பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். நான் டப்புக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இனிமேல் சத்துணவுக்கு எங்கள் ஊர்த் தழைதான் வாங்குகிறார்களாம். டெஸ்ட் செய்த ஏரியின் தழை, ஜெயப்ரியாவின் அம்மா மனு கொடுத்ததால் கிடைத்தது என்று டீச்சர் சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம்.

"நீயும் சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேம்மா," என்றாள்.