[இங்கே ஓர் ஆள் வேண்டும்]

1

இந்தக் கதை ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம்.

ஓர் இணையச் செய்தித்தளத்தில் வாரம் ஒருமுறை தொழில்நுட்பச் செய்திகளைக் கிண்டலடித்து எழுதுகிறேன். புனைபெயர் வாயாடி. கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மேடையேறி, குரல் தழுதழுக்க, உலகம் இனிமேல் பழைய மாதிரி இருக்காது என்பார். போய்ப் பார்த்தால் போனில் சார்ஜர் குத்தும் ஓட்டையின் வடிவம் மாறியிருக்கும். அது எனக்கு ஒரு வாரச் சாப்பாடு. ஃபிரிட்ஜின் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் பால் எடுக்க முடியாமல் நின்றவர், 'நான் ரோபோ இல்லை' என்பதை ஒரு ரோபோவிடம் நிரூபிக்கப் போய்த் தோற்றவர், தும்மினால் எழுபது பேருக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் கைக்கடிகாரத்தை வாங்கியவர் எல்லோரும் எனக்குப் படியளப்பவர்கள்.

வாயாடி நான்தான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா' என்பதோடு அவர்கள் ஆர்வம் முடிந்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் குழந்தை பிறக்கும் முன்பே பெயர் வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை ஆசிரியர் தலைப்பைக் கொடுப்பார். கட்டுரையை அதற்குள் நாம் அடைக்க வேண்டும். கையில் இல்லாததற்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுவிட்டு மேலே ஓடுவோம். [இங்கே ஒரு புள்ளிவிவரம்.] [இங்கே ஒரு நிபுணர்.] [இங்கே ஓர் ஆள் வேண்டும்.] ஆள் என்றால் இளிச்சவாயன் என்று பொருள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கட்டுரை தானாகவே வெளியாகும். அதற்குள் அடைப்புக்குறிகளை நிரப்பிவிட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைத் தலைப்பு: 'உங்கள் வீடு உங்களைவிடப் புத்திசாலியா?' எனக்கு ஆள் கிடைக்கவில்லை. நடை பிடிபடட்டும் என்று தற்காலிகமாக என் அத்தானை, அக்காவின் கணவரை, உள்ளே போட்டேன். முந்தின நாள்தான் அக்கா போனில் அவரைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிச் சிரித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆளை மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தேன்.

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'அன்று வானம் மூட்டமாக' (வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

'நவீன மனிதனின் தனிமை குறித்து' (யார் நவீன மனிதன்? அத்தானா? அவர் இன்னும் போனைக் காதில் வைப்பதற்கு முன் சட்டையில் துடைக்கிறார்.)

'என் அத்தானை நான்' (இதற்கு மேல் ஓடவில்லை. அப்படியே விடுகிறேன்.)

சரி, வெளியானதையே தருகிறேன். உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்:

'வீடு வீடாகப் போய் ஸ்மார்ட் பூட்டு மாட்டும் ஒரு நிபுணரை அவர் மாட்டிய பூட்டே வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பூட்டு அப்டேட் ஆகிக்கொண்டிருந்ததாம். நிபுணர் என்ன செய்தார்? கதவில் நெற்றியை முட்டி, "என்னை மன்னிச்சுடு" என்று கெஞ்சினார். இயந்திரங்கள் மனிதனை ஆளப்போகும் நாள் எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அது போன செவ்வாய்க்கிழமை.'

பெயர் இல்லை, ஊர் இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிர்க் கட்டடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் செவ்வாய்க்கிழமை பால்கனியிலிருந்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். கட்டுரையைப் பார்த்ததும், 'இவர்தான் அவர்' என்று போட்டுவிட்டார். முழங்காலிட்டு, நெற்றியைக் கதவில் வைத்திருக்கும் ஒரு முதுகு. முதுகில் நீலச் சட்டை. சட்டையில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர்.

இரண்டு நாளில் அந்த முதுகு ஸ்டிக்கராகிவிட்டது. லேட்டாக வரும் காதலர்கள் அதை அனுப்பினார்கள். யாரோ அதற்குப் பாட்டுப் போட்டார்கள். ஒரு நிர்வாக ஆலோசகர் 'கதவிடம் மன்னிப்பு கேட்டவரிடமிருந்து மேலாளர்கள் கற்க வேண்டிய ஏழு பாடங்கள்' எழுதினார்.*

* நான்காவது பாடம்: மூடிய கதவும் ஒரு வாய்ப்பே. இதை ஒன்பதாயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். அதில் எங்கள் ஆசிரியரும் ஒருவர்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கட்டுரையில் அத்தான் ஒரே வரியில் உட்கார்ந்துகொண்டார். கதையில் உட்கார மாட்டேன் என்கிறார்.

அவர் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காலி மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார். டப்பாக்கள் அக்கா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து வருபவை. மேலே 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருக்கும், உள்ளே முக்கால் அங்குலத் திருகாணி இருக்கும். பூட்டு மாட்டி முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்: "அவசரச் சாவியை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. வெளிய நம்பிக்கையான ஆள் யார்கிட்டயாவது குடுத்து வைங்க." நூறு வீட்டிலாவது சொல்லியிருப்பார். அவருடைய சாவி மட்டும் அவர் வீட்டுக்குள்ளேயே ஆணியில் தொங்கியது.

போட்டோ பரவிய பிறகு, போகிற வீட்டிலெல்லாம், "பூட்டுகிட்ட ஒரு சாரி சொல்லிட்டு ஆரம்பிங்க சார்" என்றார்கள். கம்பெனி அவரை வெளியே அனுப்புவதை நிறுத்தி, கிடங்கில் பேட்டரி சோதிக்கும் மேசையில் உட்கார வைத்தது. கம்பெனியின் பெயர் கெட்டுவிட்டதாம். அதே கம்பெனி அந்த ஸ்டிக்கரைத் தன் விளம்பரத்திலும் பயன்படுத்தியது.

அக்கா போன் செய்தாள். "அந்த வாயாடி மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவ வாயில பிளாஸ்திரி போட்டு ஒட்டுறேன்."

"விடுக்கா. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"எப்படிடி விடறது? மனுஷன் சாப்பிடவே மாட்டேங்குறார். இவ வேற. எந்தக் கதவையும் சாத்த விட மாட்டேங்குறா. பாத்ரூம் கதவைக்கூட. சாத்தினா அப்படி ஒரு அலறல். என்னன்னே புரியல."

இவள் என்றால் பாப்பா. வயது ஐந்து.

எனக்கும் புரியவில்லை. பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, நகம் கடித்தபடி பார்வைகளின் எண்ணிக்கையைப் பார்க்கப் போனேன்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் என் அறைக்கு வந்தார். வந்தவர் கதவை ஒருமுறை பார்த்தார். சாதாரணத் தாழ்ப்பாள். "இதுதான் நல்லது" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே. அந்த வாயாடி யாருன்னு கண்டுபிடிச்சுக் குடும்மா."

"எதுக்கு அத்தான்? கேஸ் போடப் போறீங்களா?"

"கேஸெல்லாம் இல்ல. ஒரு வார்த்தை சொல்லணும். நான் கதவுகிட்ட பேசல."

"பின்னே?"

தம்ளரைக் கீழே வைத்தார். "உங்க அக்காகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். இந்தக் கதையில் நான் கொடுத்த ஒரே வாக்கு அதுதான். அடுத்த பகுதியில் அதை மீறப்போகிறேன்.

5

[வெளியிடும் முன் இந்தப் பகுதியை முழுவதும் நீக்கவும்]

பாப்பா உள்ளே இருந்தாள்.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் குப்பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று, பாப்பா வெளியே ஓடாமலிருக்கப் பூட்டில் 'குழந்தைப் பாதுகாப்பு' என்ற வசதியைப் போட்டுவிட்டுப் போனார். அதைப் போட்டால் உள்ளேயிருந்தும் கதவைத் திறக்க முடியாது. திரும்பி வந்தபோது பூட்டு அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பெண் குரல் சொன்னது. அது நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

கைக்கருவிகள் உள்ளே. அவசரச் சாவி உள்ளே. பாப்பா கதவை அடித்துக்கொண்டு அழுதாள். கம்பெனி உதவி எண்ணில், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று பாட்டுப் போட்டார்கள். அவர் முழங்காலிட்டு, கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியருகே வாயை வைத்துப் பேசினார். பிறகு நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு பேசினார். "அப்பா இங்கதான் இருக்கேன்டா. அப்பா மேலதான் தப்பு. என்னை மன்னிச்சுடு." போட்டோவில் குரல் பதியாது அல்லவா.

இருபது நிமிடம் கழித்துப் பூட்டு தானாகத் திறந்தது.

அந்தப் பூட்டை வீட்டில் மாட்டவே கூடாது என்று அக்கா ஒரு மாதம் சண்டை போட்டிருந்தாள். அதனால் அவளிடம் வேறு கதை சொன்னார். பாப்பா கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள், தான் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு, பைத்தியக்காரன் மாதிரி கதவிடம் மன்னிப்பு கேட்டதாக. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து எனக்கும் சொன்னாள்.

"பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் அத்தான். "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, இது நம்ம ரகசியம்னு."

6

முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று: வாயாடி திருத்தம் வெளியிடுகிறாள். 'அவர் கதவிடம் அல்ல, உள்ளே அடைபட்டிருந்த மகளிடம் மன்னிப்பு கேட்டார்.' ஸ்டிக்கர் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரு நாள் அழுவார்கள். மறுநாள் காலை, ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுப் போனவன் என்று அதே ஆட்கள் அவரைக் கிழிப்பார்கள். அக்கா இதையெல்லாம் போனில் படித்துத் தெரிந்துகொள்வாள்.

இரண்டு: வாயாடி வாயை மூடிக்கொள்கிறாள். அத்தான் ஆயுளுக்கும் ஸ்டிக்கர். பாப்பா ஏன் அலறுகிறாள் என்று தெரியாமல் அக்கா டாக்டர் டாக்டராக அலைவாள்.

மூன்று: பூட்டுக் கம்பெனி மன்னிப்பு கேட்கிறது. (இது கதைதான். ஆனாலும் ஓர் அளவு வேண்டாமா?)

நான்கு: நான்

எல்லாவற்றையும் எழுதி அச்செடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். என் தைரியம் அவ்வளவுதான். வாயால் சொல்ல வரவில்லை. வாயாடியாம்.

7

மதிய இடைவேளை. மேசை முழுக்கப் பேட்டரிகள். நல்லதற்குப் பச்சைப் புள்ளி, செத்ததற்குச் சிவப்பு. அத்தான் தாள்களை வாங்கி, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். முதல் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயா?"

"ஆமா அத்தான்."

"நம்ம வீட்டுப் பொண்ணு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேட்டரிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மாத்திரை டப்பா வந்த இடத்தில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, என் பயத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம். ஐந்தாம் பகுதியில் 'இருபது நிமிடம்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நாற்பத்தொன்று' என்று எழுதினார்.

"என்கிட்ட இருபதுன்னுதானே சொன்னீங்க?"

"உன்கிட்டயும் குறைச்சுதான் சொன்னேன்."

பிறகு அந்தப் பகுதியின் தலையில் நான் போட்டிருந்த 'முழுவதும் நீக்கவும்' என்ற வரியைக் குறுக்கே கோடிழுத்து அடித்தார். பகுதியை அடிக்கவில்லை.

 கணினிப் பிரதியில் அந்த வரியை நான் அழிக்கவில்லை. அடித்தது அவர் கை. எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

"அத்தான், இது வெளிய வந்தா..."

"நீ எழுதின தப்பு அப்புறம்தான். பாப்பாவுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது நான்." தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை உங்க அக்கா மூணரைக்கு வீட்டுக்கு வந்துடுவா. நான் அரை நாள் லீவு போடுறேன். முதல்ல நான் சொல்லிடறேன். அப்புறம் போடு."

"எல்லாம் நாலு மணிக்குத் தானா போயிடும்."

"அப்போ அரை மணி நேரம் இருக்கு" என்றார்.

8

இப்போது வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பத்தாறு. அலுவலகத்தில் எல்லோரும் ஏதோ போனின் அறிமுக விழாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கறுப்புச் சட்டைக்காரர் கண் கலங்கத் தயாராகிறார். என் திரையில் 'வெளியீட்டை நிறுத்து' என்ற பொத்தான் இருக்கிறது. 3.59 வரை அது வேலை செய்யும். விரல் அதன்மேலேயே கிடக்கிறது.

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்று அத்தான் சொல்லிவிட்டார், அல்லது நான் மறுபடியும் கோட்டைவிட்டுவிட்டேன். இதை எழுதும் இந்த நிமிடத்தில் எது என்று எனக்கே தெரியாது. வாசிப்பது அக்காவாக இருந்தால்

மூன்று ஐம்பத்திரண்டு. அத்தானிடமிருந்து ஒரு செய்தி:

'அவ வந்துட்டா. செருப்பைக்கூடக் கழட்டல. நான் வாயத் திறக்கறதுக்குள்ள பாப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டா. நானே சொல்லட்டுமாப்பான்னு கேக்குறா.'

சொல்ல விட்டீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுமுறை கேட்டேன். பார்த்ததற்கான அடையாளம்கூட விழவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டிருக்கிறார்.

மூன்று ஐம்பத்தெட்டு. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த வரியை நான் நிரப்பப்போவதில்லை. அங்கே வேறு ஆளைப் போட எனக்கு உரிமை இல்லை.

[இங்கே பாப்பா சொன்னது வரும்]