மூக்கில் பிறந்த மெட்டு

ஊரே விசிலடித்துத் திரிந்த அந்தப் படத்தின் ஆரம்ப இசை, இசையமைப்பாளருடைய மனைவியின் குறட்டை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாளென்றால் முதலில் செல்லோ மாதிரி ஒன்று அடியில் இழுக்கும். அதன்மேல் வயலின்கள் வந்து சேரும். அலமாரியிலிருக்கும் கண்ணாடித் தம்ளர்கள் இடம் பார்த்து மணியடிக்கும். கல்யாணமான புதிதில், ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். பிறகு அவர்களே நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார்கள். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் போய் நீ குறட்டை விடுகிறாய் என்று எப்படிச் சொல்வது? தயாரிப்பாளர், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டிய வாரம், இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை மூடிவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்.

தியேட்டரில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அவளுக்கு உடம்பு கூசியது. பூட்டி வைத்த பெட்டியை யாரோ நடுத்தெருவில் திறந்து போட்டதுபோல் இருந்தது. தான் ஒருநாளும் கேட்டிராத அந்த மெட்டு அடுத்து எங்கே இறங்கும் என்று அவள் மூக்குக்குத் தெரிந்திருந்தது.

"இது என்னோடதுங்க," என்றாள் பக்கத்திலிருந்த கணவரிடம்.

"ஆமா."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமில்ல?"

"கேட்கலாம்னுதான் இருந்தேன். நீ தூங்கிட்டிருந்தே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றோடு அவள் தூக்கம் ஊமையாகிவிட்டது. முடிவெட்டும் கடையில், பஸ் ஹாரனில், பள்ளிக்கூடத்து மணியில் எல்லாம் இருந்த மெட்டு அந்த வீட்டில் மட்டும் இல்லை. அவர் தூக்கம் கெட்டு இளைத்தார். மூச்சு வருகிறதா என்று அடிக்கடி அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். தனக்கே தெரியாமல் தனக்குள் குடியிருந்து, கோபித்துக்கொண்டு போய்விட்ட அந்த வாத்தியக்காரர்களை நினைத்து அவளும் ஏங்கினாள். முகமே பார்த்திராத உறவினர்களுக்காக ஏங்குவது போலத்தான் அது. வருடங்கள் கழித்து ஒரு மதியம், அவள் தூங்குகிறாள் என்று நம்பி அவர் காதருகே குனிந்து, "இனிமே உன்னைக் கேட்காம எடுக்க மாட்டேன்," என்றார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மறுவாரம் தம்ளர்கள் மணியடித்தன. இது புது மெட்டு, பழையதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அடுத்த படத்துக்காக வந்திருந்த தயாரிப்பாளர் கூடத்தில் எழுந்து நின்றுவிட்டார். இசையமைப்பாளருக்குக் கையில் படம் இல்லாத காலம் அது. அவர் போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள்.

"எழுதிட்டீங்களா சார்?" என்று வெளியே தயாரிப்பாளர் கேட்பது கேட்டது.

"இல்ல சார். அது அவ சொந்த விஷயம்."

அவள் ஒருக்களித்துப் படுத்தாள். மெட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஒரே மெட்டோடு சரக்கு தீர்ந்துபோன ஆள் என்றுதான் இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோ நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்கள்.