துக்க வீட்டு மரியாதை

கடலூர் முதுநகரில் கொளஞ்சியப்பன் குடியிருந்த தெருவில் மனுஷர் என்று மதிக்கத் தக்கவர் ஒரே ஒருவர்தான். அது கொளஞ்சியப்பன். மற்றவர்களெல்லாம் அவருக்குக் கால்தூசு. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூக்கு ஒழுகிகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாய் நீண்டதுகள். தாலுகா ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்த மிடுக்குக்கூட இல்லாமல் இருக்குமா?

மனைவி இல்லாத அந்த வீட்டில்தான் பேத்தி கயல்விழி ஒரு வயதிலிருந்து வளர்ந்தாள். மகள் வினோதினிக்கும் மருமகனுக்கும் சிதம்பரத்தில் மாறி மாறி ஷிப்ட் வேலை. தெருப் பிள்ளைகளோடு விளையாட விட்டால் பேத்தி கெட்டுப்போய்விடுவாளாம். சரி, வெளியே போகும்போதாவது யார் வீட்டிலாவது விடுவாரா? எவரை நம்பினார், விடுவதற்கு! கூடவே அழைத்துப் போனார். அவர் போன இடமோ பெரும்பாலும் ஒன்றுதான். ஓய்வூதியர் சங்கத்தில் யார் செத்தாலும் மாலை கொண்டு போகிற பொறுப்பு அவருடையது. சின்னப் பிள்ளையைத் துக்க வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று யாராவது கேட்டால், "எம் பேத்தி உங்க வூட்டுப் புள்ளைங்க மாதிரி இல்ல" என்பார்.

கயல்விழிக்கு ஆறு வயதாயிற்று. ஜூன் மாதம் சிதம்பரத்துப் பள்ளியில் சேர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாக வினோதினி சொன்னாள். பேத்தியை விட்டுக்கொடுக்கக் கொளஞ்சியப்பனுக்கு மனமில்லை.

"அவ அங்க ஒட்ட மாட்டா. வேணும்னா பாரு" என்று சவால் விட்டார்.

"ஞாயித்துக்கெழம இங்க சிதம்பரத்துல எங்க எதிர்வூட்டு ஸ்ரீமதிக்குப் பொறந்தநாளு. பசங்கல்லாம் வருவாங்க. கூட்டிட்டு வாப்பா, பாக்கலாம்" என்றாள் மகள்.

பலூனும் சீரியல் விளக்குமாக இருந்த அந்த வீட்டைப் பார்த்ததும் கொளஞ்சியப்பன் உதட்டைப் பிதுக்கினார். கேக்கை முகத்தில் அப்பிக்கொள்ள இத்தனை கூட்டமா! வாசலில் ஸ்ரீமதியின் அம்மா தமிழ்ச்செல்வி, "வாங்க, வாங்க" என்றாள். கயல்விழி தலையைக் குனிந்தபடி நேரே போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மனசத் தேத்திக்குங்க. நம்ம கையில என்னா இருக்கு?"

தமிழ்ச்செல்வியின் முகம் செத்துப்போயிற்று. ஸ்ரீமதி ஓடி வந்து, "வெளையாட வரியா?" என்று இழுத்தாள். கயல்விழி கையை உருவிக்கொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒரு நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். பக்கத்திலிருந்தவரிடம், "எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?" என்று விசாரித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேக்கை நீட்டியபோது, "வூட்டுக்குப் போயி குளிச்சிட்டுத்தான் சாப்புடுவேன்" என்றுவிட்டாள். புறப்படும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா?

மாடிப்படியில் வினோதினி அழுதே விட்டாள். "இங்க சேத்தா ஸ்கூலே சிரிக்கும். இன்னும் ஒரு வருஷம் நீயே வச்சிக்கப்பா."

ஜெயித்துவிட்டார். கடலூர் பஸ்ஸில் பேத்தியை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, "அந்தக் கும்பல்ல நீ ஒருத்திதான்மா மனுசி" என்று மெச்சினார். அவள் முகத்தில் சிரிப்பில்லை. வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"தாத்தா, நம்ம சங்கத்துல அடுத்து யாரு சாவாங்க?"

"ஏம்மா?"

"சீக்கிரம் யாராச்சும் செத்தா நல்லாருக்கும். அங்க போனாதான எல்லாரும் எங்கூட பேசறாங்க."

ஊரையே துச்சமாக எண்ணியவருக்கு முதன்முறையாகத் தன்மேல் அருவருப்பு வந்தது. சங்கத்தில் இப்போது அவர்தான் மூத்தவர். அவர் போகிற அன்றைக்கு இவளோடு பேச வீடு நிறைய ஆள் இருப்பார்கள். அதற்கு மறுநாள்?

பாதி வழியில் புதுச்சத்திரம் வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சிதம்பரம் போகும் பஸ்ஸுக்காகச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

"எதுக்கு தாத்தா திரும்பிப் போறோம்?"

"அந்தப் புள்ளைங்க கூட நீ வெளையாடணும்" என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போயி மொதல்ல என்னா சொல்லணும் தாத்தா?"

அவருக்குத் தெரியவில்லை.