துலுக்கானம் உட்கார்ந்த இடம்

அந்த லாரியை முதல் தடவை பார்த்த அன்று துலுக்கானம் அதை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். யாரும் சுற்றச் சொல்லவில்லை. லாரி பழக வந்த மற்ற ஆறு பேரும் ஒழுங்காக வரிசையில் நிற்க, இவன் மட்டும் சக்கரங்களை எண்ணிக்கொண்டே போனான். முன்வண்டிக்கு ஆறு. அதன் முதுகில் கொக்கி போட்டு மாட்டியிருந்த நீள மேடைக்கு எட்டு. முன்சக்கரம் அவன் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. கோவில்பதாகைச் சேரியில் பிறந்து வளர்ந்த முப்பத்தாறு வருஷத்தில் அவன் கண்ட பெரிய வஸ்து ஊர் ஏரிதான். ஏரி இருந்த இடத்தில் இருக்கும். இது நகரும் என்றார்கள். அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

யுத்தத்துக்காக ஆவடியில் ராணுவ டிப்போ எழும்பியிருந்த சமயம் அது. ரயிலில் வந்து இறங்கும் டாங்கிகளைச் சுமந்து டிப்போவுக்குக் கொண்டுபோக இந்த டிரைலர் லாரிகள் வந்திருந்தன. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஸ்டேஷனில் சரக்கு இறக்கும் பக்கத் தண்டவாளமான சைடிங்கில் மூட்டை தூக்கிய கூலிகளைக் கூப்பிட்டு, வண்டி ஓட்டத் தெரிந்தவன் எவன் என்று கேட்டார்கள். துலுக்கானம் கையைத் தூக்கினான். என்ன வண்டி என்று அவர்கள் விசாரிக்கவில்லை, இவனும் அதிகப்பிரசங்கித்தனமாக எதையும் சொல்லவில்லை.

அவன் ஓட்டியது பரந்தாமன் வீட்டு மாட்டுவண்டி. பரந்தாமன் ஊரில் பெரிய நிலக்காரர், துலுக்கானத்துக்கு ஆண்டை. அவன் அப்பனுக்கும் அவரே ஆண்டை. ஆண்டையின் கழனியில் பாதியை டிப்போ விழுங்கிவிட்டதால் பண்ணையாட்கள் சிலருக்குக் கால்கட்டு அவிழ்ந்தது. அப்படி வெளியே வந்தவன் இவன். இனிமேல் அந்த வீட்டுப் புறக்கடையில் கஞ்சிக்கு நிற்க மாட்டேன் என்று அவன் மனைவி நாகவல்லி வேறு சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. லாரி கைக்கு வந்தால் டிரைவர். வராவிட்டால் மறுபடி மூட்டை. யுத்தம் முடிந்து மூட்டையும் நின்றுபோனால் அதே புறக்கடை.

பழக்கிக் கொடுத்தவன் பூந்தமல்லிக்காரன், ஹவில்தார் நாகேந்திரன். இருபத்துநாலு வயசு, மீசை கூட அரைகுறை. தன்னைவிடப் பெரியவனை வாடா போடா என்று கூப்பிட அவனுக்கு நாக்கு வரவில்லை. அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டான். துலுக்கானத்துக்கு அதுவே ஓர் அதிசயம். அவனை எவனும் அண்ணாத்தே என்று கூப்பிட்டுச் சீட்டில் உட்காரவைத்தது கிடையாது.

உட்கார்ந்த பிறகுதான் அதிசயமெல்லாம். ஏறுவதற்கே மூன்று படி. ஏறி உட்கார்ந்தால் பனையிலிருந்து பார்ப்பது போல ஊர் விரிந்துகிடந்தது. எஞ்சின் உறுமியதும் அந்த நடுக்கம் பாதம் வழியாக ஏறிப் பல்வரிசை வரைக்கும் வந்தது. முதல் நாள் லாரி நகர்ந்ததும் ஸ்டீரிங்கைக் கயிறு மாதிரி பின்னால் இழுத்து, “ஓ… ஓ…” என்று குரல் கொடுத்தான். லாரி காது கேளாதது போலப் போய்க்கொண்டே இருந்தது. நாகேந்திரன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அப்புறம் தானே பிரேக்கைக் காட்டிக்கொடுத்தான். திருப்பத்தில் தலை அகலமாகப் போனால்தான் வால் பள்ளத்தில் விழாது என்றான். பின்னால் தள்ளும்போது வால் வலப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். இதில் மட்டும் மற்ற ஆறு பேரும் தலையைச் சொறிய, துலுக்கானம் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டான். ஏர்க்காலை ஒரு பக்கம் தள்ளினால் வண்டிவால் மறுபக்கம் போவதை எத்தனை வருஷமாகப் பார்த்தவன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, மூன்றாம் வாரம் வரைக்கும்.

அன்று டிப்போ வாசலில் குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது. காவல்காரன் தூக்கட்டும் என்று துலுக்கானம் லாரியைக் கியரிலேயே நிறுத்தி, கிளச்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டிருந்தான். போன கழனிக்கு நஷ்டஈடு கேட்டு வந்த பரந்தாமன், குடையும் கையுமாக வாசலோரம் நின்றார். துலுக்கானம் பார்த்தான். பார்த்த கணமே கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கியது. முதுகு வளைந்தது. சீட்டை விட்டு எழுந்து நின்றான். ஆண்டை நிற்கும்போது உட்கார்ந்திருக்க அந்த உடம்புக்குத் தெரியாது.

எழுந்தவனின் இரண்டு காலும் மிதியை விட்டுவிட்டன. லாரி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னே போய்க் கம்பத்தைப் படாரென்று முறித்துப் போட்டது. பக்கத்தில் இருந்த நாகேந்திரன் எட்டி எஞ்சினை அணைத்ததால் அதோடு போயிற்று. யாருக்கும் அடியில்லை. ஆனால் வெள்ளைக்கார மேஜர் வந்து பார்த்தார். சனிக்கிழமை பரீட்சை, அதிலும் இப்படி ஆனால் மூட்டைக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

கால் வழுக்கியதா என்று நாகேந்திரன் தனியாகக் கேட்டான். துலுக்கானம் உண்மையைச் சொன்னான்.

“வழுக்கல நைனா. ஆண்டே நின்னுகினு இருந்தாரு. நான் குந்திகினு கீறேனேன்னு எழுந்துட்டேன்.”

நாகேந்திரனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. துலுக்கானத்தின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லித்தரலாம், கியர் போடச் சொல்லித்தரலாம். இதற்கு எந்தப் பாடம் நடத்துவது?

வீட்டில் நாகவல்லி ஒரே வரியில் தீர்த்துவைத்தாள். எழுந்தால்தானே வம்பு, சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொள் என்றாள்.

சனிக்கிழமை காலை துலுக்கானம் அப்படியே செய்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பைச் சுற்றி, சீட்டின் பின்கம்பியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்த நாகேந்திரன் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்துகொண்டான். மேஜர் பின்னால் ஜீப்பில் வந்தார். டிரைலர் மேல் நிஜ டாங்கி ஒன்று சங்கிலி போட்டு இறுக்கியிருந்தது. சைடிங்கிலிருந்து கிளம்பி, ஏரிக்கரை மேட்டில் ஏறி, டிப்போவுக்குப் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

கரைமேட்டில் பாதி ஏறியபோது எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. மாடுகளைப் பார்த்ததுமே துலுக்கானத்துக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் சிவப்பு நிறச் செவலை, வலப்பக்கம் சாம்பல் நிற மயிலை. இரண்டும் கன்றிலிருந்து அவன் கையில் வளர்ந்தவை. இவன் விலகியதிலிருந்து ஆண்டைதான் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். ஓட்டுகிற லட்சணம் இப்போது தெரிந்தது. கயிறு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். லாரியின் உறுமலைக் கேட்டு மயிலை மிரண்டு ஏரிப்பக்கம் இழுக்க, ஒரு சக்கரம் கரை விளிம்புக்கு வந்துவிட்டது.

துலுக்கானம் லாரியை நிறுத்தினான். மேட்டில், டாங்கியின் பாரத்தோடு. கைப்பிரேக் மட்டும் தாங்காது, மிதியிலிருந்து கால் எடுத்தால், இன்னொருவர் கால் மாற்றி வைப்பதற்குள் லாரி பின்னால் உருண்டு ஜீப்பை நசுக்கும். ஆரன் அடி என்றான் நாகேந்திரன். அடித்தால் மாடுகள் ஏரியில் பாயும் என்றான் துலுக்கானம். அப்படியானால் நீ இறங்கிப் போய்ப் பிடி நைனா என்று கெஞ்சினான். அத்தனை பெரிய லாரியை ஆட்டிவைக்கிற ஹவில்தாரின் முகம் வெளுத்தது. தனக்கு மாடு என்றால் பயம் என்றான்.

எழுந்து குதிக்கவேண்டும் என்று துலுக்கானத்தின் உடம்பு முழுக்கத் துடித்தது. ஆண்டை ஆபத்தில் இருக்கிறார், மாடு மிரண்டு நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு பண்ணையாளுக்கு? இடுப்பு எழும்பியது. துண்டு இறுக்கிப் பிடித்தது. பிடித்த அந்த ஒரு கணத்தில் காலின் நினைவு வந்தது. இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“ஆண்டே, கீழ எறங்குங்க. செவலையோட மூக்கணாங்கவுத்த புடிங்க. மயிலைய அடிக்காதீங்க, கழுத்தாண்ட தடவிக் குடுங்க. நான் எறங்க முடியாது. கால எடுத்தா அல்லாரும் பூடுவோம்.”

பரந்தாமன் அண்ணாந்து பார்த்தார். பேசுவது யார் என்று புரிய அவருக்கு ஒரு கணம் பிடித்தது. புரிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மயிலை இன்னொரு அடி சரிந்தது. அப்புறம்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சொன்னபடி செவலையின் கயிற்றைப் பிடித்தார், மயிலையின் கழுத்தைத் தடவினார். பழகிய குரல் மேலிருந்து “ஹை… ஹை… வா ராஜா” என்று சொல்லிக்கொண்டே இருக்க, மாடுகள் காதை ஆட்டி அடங்கி, கழனிப் பக்கச் சரிவில் மெல்ல ஒதுங்கின.

லாரி நகர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து போனது, பதினான்கு சக்கரமும் டாங்கியும். துலுக்கானம் உட்கார்ந்திருந்தான். ஆண்டை அவன் ஜன்னலுக்குக் கீழே, மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய காலைத்தான் அவன் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறான். இன்றைக்கு உச்சந்தலை தெரிந்தது. நடுவில் உள்ளங்கை அளவு வழுக்கை, அதில் வேர்வை. அட, எல்லாரையும் போலத்தான் இருக்கிறது என்று நினைத்தான். எதைப் பார்த்தும் அன்று போல அவன் மலைத்துப்போனது கிடையாது. அந்த லாரியைப் பார்த்தும் கூட.

டிப்போவில் மேஜர் கையை நீட்டினார். எதற்கு நீட்டுகிறார் என்று தெரியாமல் துலுக்கானம் விழிக்க, நாகேந்திரன்தான் அவன் கையைப் பிடித்து அந்தக் கைக்குள் வைத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வந்தவனுக்கு எதிரே அதே ஏரிக்கரையில் பரந்தாமன் நடந்து வந்தார். துலுக்கானத்தின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டு அங்கே இல்லை. அது லாரிச் சீட்டில் கட்டியபடியே கிடந்தது. வெறும் தோளைத் தொட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டான். கரையை விட்டு இறங்கி வழிவிடவும் தோன்றவில்லை. பரந்தாமனும் நின்றார். திட்டத்தான் போகிறார் என்று இவன் காத்திருந்தான். அவரோ பக்கத்தில் யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

“அதும்மேல குந்திகினா இன்னாடா தெரிது?”

துலுக்கானம் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

“ஏரி முச்சூடும் தெரிது ஆண்டே. அக்கரை, அண்ணனூர் ரயிலு, அல்லாம் தெரிது. கிட்ட வந்தா உங்க தலையும் தெரிது.”